பட்டு நூலும் பறக்கும் தெளிப்பானும்



சென்ற கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் காலை, பென்னாகரத்தை அடுத்த ஏரிப்பாசன வயல் ஒன்றின் வரப்பில் நின்றுகொண்டிருந்தேன். என்னிடம் முன்பு வரலாறு பயின்ற இளைஞர் ஒருவர் அங்கே தொழில் செய்துகொண்டிருந்தார். அவருடைய தொழில் ட்ரோன் ஓட்டுவது. ஆறு சுழல்சிறகுகள் கொண்ட அந்த ஆளில்லா ஊர்தி, நெற்பயிரின் தலைக்கு மேல் ஆள் உயரத்தில் இரைந்துகொண்டே சென்று, இலைச்சுருட்டுப் புழுவுக்கான மருந்தைப் பனிபோலத் தூவிக்கொண்டிருந்தது. கையில் ஒரு சிறு பெட்டியை வைத்துக்கொண்டு இரண்டு கட்டைவிரல்களால் அதனை ஆட்டுவித்தார் அவர். என் காலத்தில் இந்த வயலுக்கு மருந்தடிக்க இரண்டு ஆள்கள் முதுகில் டேங்கைச் சுமந்து அரைநாள் நடக்க வேண்டும். அவர் ஓர் ஏக்கரைப் பத்து நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்.

வியப்போடு பார்த்துக்கொண்டிருந்த என் கண்ணில் வேறொன்றும் பட்டது. மூக்கையும் வாயையும் மூடவேண்டிய முகமூடி அவர் தாடையில் தொங்கிக்கொண்டிருந்தது. கையுறைகள் வண்டியிலேயே இருந்தன. தலைக்கவசம் வரப்பின்மேல் கவிழாமல் நிமிர்ந்து கிடந்தது. அதனுள் ஒரு பிஸ்கட் பொட்டலம் பத்திரமாக இருந்தது.

"இவற்றையெல்லாம் அணியக்கூடாதா, தம்பி?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துக்கொண்டே, "ஐயா, விழுந்தால் அதுதானே விழும்? நான் தரையில்தானே நிற்கிறேன்?" என்றார்.

நாற்பது ஆண்டுகள் மாணவர்களைக் கேள்வி கேட்டுப் பழகியவனுக்கு மாணவர் கேட்கும் கேள்வி சில சமயம் வாயடைத்துவிடும். வானத்தில் ஏறாத விமானிக்குக் காப்பு எதற்கு? வீட்டுக்கு வந்ததும் நூல்களை எடுத்துப் புரட்டினேன். அவருக்குச் சொல்லவேண்டிய விடையாக நான் கண்டதையே இன்று உங்களிடமும் சொல்லப் புகுகிறேன்.

மனிதன் பறக்கத் தொடங்கியபோது அவன் உடலுக்கு யாதொரு காப்பும் இல்லை. 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் ரைட் சகோதரர்கள் முதன்முதலாக விசை விமானத்தில் பறந்தார்கள் என்பதைப் பாடநூல்களில் படித்திருப்பீர்கள். ஐந்து ஆண்டு கழித்து, 1908 செப்டம்பர் 17ஆம் நாள், ஆர்வில் ரைட் அமெரிக்கப் படையினருக்குத் தம் விமானத்தை ஓட்டிக் காட்டினார். உடன் ஏறியவர் தாமஸ் செல்ஃப்ரிட்ஜ் என்னும் இளம் படை அதிகாரி. பறந்துகொண்டிருக்கையில் சுழல்விசிறி முறிந்து விமானம் தலைகீழாக வீழ்ந்தது. ஆர்வில் படுகாயத்தோடு பிழைத்தார். செல்ஃப்ரிட்ஜ் மண்டை உடைந்து அன்று மாலையே இறந்தார். விசை விமான விபத்தில் உயிரிழந்த முதல் மனிதர் அவரே. தலையில் ஏதேனும் கவசம் இருந்திருந்தால் அவர் தப்பியிருக்கக்கூடும் என்று பின்னர் பேசிக்கொண்டார்கள். அதன் பின்புதான் அமெரிக்கப் படை விமானிகள், கால்பந்தாட்டக்காரர்கள் அணிந்த தோல் தொப்பியைப் போன்ற கவசத்தைத் தலையில் மாட்டத் தொடங்கினார்கள்.

வான்குடையின் கதை இதைவிடத் துயரமானது. வான்குடை என்பது பாராசூட். இது விமானத்துக்கு மூத்தது. 1797ஆம் ஆண்டிலேயே பாரிஸ் நகரத்தில் கார்னரின் என்பவர் பலூனில் ஏறிப் போய்ப் பட்டுத்துணியால் ஆன குடையைக் கொண்டு இறங்கிக் காட்டினார். ஆயினும் முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானிகளுக்கு அது தரப்படவில்லை. கட்டி நிறுத்திய பலூன்களில் ஏறிப் பகைவரை வேவு பார்த்தவர்களுக்குக் கொடுத்தார்கள், விமானிகளுக்குக் கொடுக்கவில்லை. அக்காலத்துக் குடைகள் பருமனும் கனமும் உடையவை என்பது ஒரு காரணம். குடையைக் கொடுத்தால் வீரர்கள் விமானத்தைக் காப்பாற்ற முயலாமல் குதித்துவிடுவார்கள் என்ற எண்ணமும் மேலிடத்தில் இருந்ததாகச் சொல்வர். எரியும் விமானங்களோடு எத்தனையோ இளைஞர்கள் எரிந்தார்கள். ஜெர்மானிய விமானிகளுக்குப் போரின் கடைசி ஆண்டாகிய 1918இல் குடை கிடைத்தது.

இனி ஓர் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டேட்டன் என்று ஓர் ஊர். ரைட் சகோதரர்களின் சொந்த ஊர் அதுவே. அவர்கள் மிதிவண்டிக் கடை நடத்தியதும் அங்கேதான். அவ்வூரில் மெக்குக் தளம் என்னும் விமான ஆராய்ச்சி நிலையம் இருந்தது. நம் கதையின் நூல்கள் பலவும் அந்த ஒரே இடத்தில் வந்து முடிச்சிடுகின்றன.

1919 ஏப்ரல் 28ஆம் நாள் அத்தளத்துக்கு மேலே பறந்த விமானத்திலிருந்து லெஸ்லி இர்வின் என்பவர் குதித்தார். அதுவரை குடையை விமானத்தோடு ஒரு கயிற்றால் பிணைத்திருப்பார்கள். மனிதன் குதித்தவுடன் கயிறு இழுத்துக் குடை விரியும். இர்வினோ, முதுகில் மடித்துக் கட்டிய குடையோடு விடுபட்டு வீழ்ந்து, நடுவானில் தம் கையாலேயே இழுவளையத்தை இழுத்து அதனை விரித்தார். தரையில் இறங்கும்போது கணுக்கால் முறிந்தது. அதனால் என்ன, கால் முறிந்தவர் உயிரோடு இருந்தார்!

மூன்று ஆண்டு சென்றது. 1922 அக்டோபர் 20ஆம் நாள் ஹெரால்டு ஹாரிஸ் என்னும் விமானி, அதே தளத்திலிருந்து கிளம்பிய ஒரு புதிய விமானத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். விமானம் நடுங்கிச் சிதறத் தொடங்கியது. ஹாரிஸ் குதித்தார். பதற்றத்தில், இழுவளையம் என்று நினைத்துத் தொடைவாரின் பூட்டை மும்முறை இழுத்தார் என்பர். பிறகே சரியான வளையம் கைக்கு அகப்பட்டது. டேட்டன் நகரத்து வீடொன்றின் கொல்லையில் இருந்த திராட்சைப் பந்தலின்மேல் வந்து இறங்கினார். கட்டுமீறிய விமானத்திலிருந்து கையால் விரிக்கும் குடையைக் கொண்டு உயிர் தப்பிய முதல் விமானியாக அவரை வரலாறு குறிக்கிறது.

இவ்வாறு குடையால் உயிர் பிழைத்தவர்களுக்கென்று ஒரு சங்கம் தோன்றிற்று. இர்வினின் நிறுவனம் ஒவ்வொரு உறுப்பினருக்கும் புழு வடிவத்தில் ஒரு சிறிய பொன் ஊசியை அளித்தது. சங்கத்தின் பெயரே 'புழுச் சங்கம்' என்று பொருள்படுவது. எந்தப் புழு? பட்டுப்புழுதான்! அந்நாளில் குடையின் துணியும் பட்டு, கயிறும் பட்டு.

நம் தருமபுரி மாவட்டத்து மாணவர்களுக்கு இதனை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. தருமபுரிப் பட்டுக்கூடு அங்காடியைப் பார்க்காதவர்கள் உங்களுள் சிலரே இருப்பர். மல்பெரி இலையைத் தின்று, நான்கு முறை தோலுரித்து, ஒரு திங்களுக்குள் முதிர்ந்து, தன் வாயிலிருந்து இழைத்த ஒரே நூலால் கூடு கட்டிக்கொள்கிறது அப்புழு. நல்ல கூடு ஒன்றில் ஏறத்தாழ 1,000 மீட்டர் நூல் உண்டு. மெல்லியதாயினும் அறாதது, மடித்தால் சிறுமூட்டையில் அடங்குவது, விரித்தால் ஒரு மனிதனின் எடையைத் தாங்குவது. ஒஹாயோவில் ஒரு விமானி பிழைப்பதற்கு எங்கோ ஒரு சிற்றூரில் ஒரு பெண் இரவில் எழுந்து புழுவுக்கு இலை போட்டிருக்கிறாள்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் பட்டு நேச நாடுகளுக்குக் கிடைக்காமற் போகவே, இந்தியப் பட்டுக்குத் தேவை பெருகிற்று. 1941இல் கான்பூரில் வான்குடைத் தொழிற்சாலை ஒன்று ஏற்பட்டது. ஒகேனக்கல்லில் நின்று காவிரியின் மேற்றிசையை நோக்கினால், அம்மலைகளுக்கு அப்பால் இருப்பது கொள்ளேகால் வட்டாரம். பட்டுக்குப் பேர்போன அவ்வட்டாரம் 1956 வரையில் நம் சென்னை மாநிலத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. போர் நடந்துகொண்டிருந்தபோதே நைலான் என்னும் செயற்கை இழை பட்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பட்டு திரும்பவும் புடவைக்குப் போயிற்று.

மெக்குக் தளத்துக்கே மீண்டும் வருவோம். அங்கே நடந்த இன்னொரு செய்திதான் நம் வயலுக்கு மிகவும் நெருங்கியது. 1921 ஆகஸ்டு 3ஆம் நாள் ஜான் மெக்ரெடி என்னும் படை விமானி, டிராய் என்ற ஊருக்கு அருகில் இருந்த மரத்தோப்பு ஒன்றின்மேல் தாழப் பறந்தார். இலைகளைப் புழுக்கள் மொட்டையடித்துக்கொண்டிருந்தன. விமானத்தின் பக்கத்தில் பொருத்திய தொட்டியிலிருந்து ஈய ஆர்சனேட் என்னும் நச்சுப்பொடியைக் கொட்டிக்கொண்டே சென்றார். தூவிய நேரம் மொத்தம் ஒரு நிமிட அளவுதான். புழுக்கள் பெரும்பாலும் மடிந்தன. வானத்திலிருந்து பயிருக்கு மருந்து தெளிக்கும் தொழிலுக்கு இதுவே தொடக்கம் என்பர். அதே மெக்ரெடி 1924இல் டேட்டன் நகரத்துக்கு மேல் இரவில் பறக்கையில் எந்திரம் நின்றுவிட, இருளில் குதித்துப் பட்டுக்குடையால் பிழைத்தார். ஒரு புழுவை அழித்தவருக்கு இன்னொரு புழு உயிர்ப்பிச்சை அளித்தது! வரலாற்று ஆசிரியனுக்கு இத்தகைய பொருத்தங்களில் ஒரு சபலம் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆளில்லா விமானத்துக்கும் டேட்டனுக்கும் உறவு உண்டு. 1918இல் சார்லஸ் கெட்டரிங் என்பவர், விமானி இன்றித் தானே பறந்து சென்று பகைவர்மேல் வீழும் சிறு விமானம் ஒன்றை அங்கே சோதித்தார். போர் முடிந்துவிட்டதால் அது பயன்படவில்லை. பின்னர் 1935இல் பிரிட்டனில், தரையிலிருந்து வானொலி அலையால் இயக்கும் பயிற்சி விமானம் ஒன்றைச் செய்து அதற்கு 'ராணித் தேனீ' என்று பெயரிட்டார்கள். அதனைப் பின்பற்றிய அமெரிக்கக் கடற்படையினர் தம்முடையதற்கு ஆண் தேனீயின் பெயரைச் சூட்டினார்கள் என்பர். ஆங்கிலத்தில் ஆண் தேனீக்குப் பெயர் 'ட்ரோன்'. இன்று நம் சிற்றூர்க் குழந்தைகளும் சொல்லும் சொல் இதுவே.

ஓட்டுபவன் இல்லாத வானவூர்தியைப் பற்றி நம் புறநானூறும் பேசுகிறதே என்று தமிழாசிரியர்கள் கேட்பார்கள். உண்மைதான். சீவக சிந்தாமணியில் மயிற்பொறியும் வருகிறது. அரசி விசயை அதனை ஓட்டப் பயின்றவள். நடுவானில் அவள் மயங்கிவிட, பொறி தானே இறங்கிவிடுகிறது. இறங்கிய இடம் சுடுகாடு! இன்றைய ட்ரோனிலும் ஓட்டுநரின் கட்டளை அறுந்துபோனால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி இறங்கும் ஏற்பாடு உண்டு. ஆனால் புலவரின் கற்பனையை விஞ்ஞானத்தின் சான்றாகக் காட்டுவது வரலாற்று முறை அன்று. ஆகவே மேலே செல்வோம்.

பயிருக்கு மருந்து தெளிக்கும் ஆளில்லா ஊர்தியை முதலில் தொழிலாக்கியது ஜப்பான். அங்கே உழவர்கள் முதுமை எய்தினர். இளைஞர் நகரங்களுக்குச் சென்றனர். 1987இல் யமஹா நிறுவனம் 20 கிலோ சுமக்கும் ஆளில்லா ஹெலிகாப்டரை நெல் வயலுக்காக வெளியிட்டது. நம் நாட்டில் 2021 ஆகஸ்டு 25ஆம் நாள் ட்ரோன் விதிகள் வந்தன. அவ்விதிகளின்படி, தொழில்முறையாக ஓட்டுபவர் 18 வயதுக்குக் குறையாமலும் 65 வயதுக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். ஏற்புப் பெற்ற பள்ளியில் பயின்று சான்றிதழ் பெற வேண்டும். (எனக்கும் வயது இன்னும் கடந்துவிடவில்லை என்று வீட்டில் சொன்னேன், மனைவி ஒன்றும் சொல்லவில்லை.) அதே ஆண்டு டிசம்பரில் வேளாண்மை அமைச்சகம், ட்ரோனால் பூச்சிமருந்து தெளிக்கும் நெறிமுறைகளை வெளியிட்டது. 2023 நவம்பரில், 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு ட்ரோன் அளிக்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அத்திட்டத்தில் தேர்ந்தெடுக்கப்படும் பெண்ணுக்கு 15 நாள் பயிற்சி. அதில் ஊர்தியை ஓட்டுவதற்கு 5 நாள். உரத்தையும் மருந்தையும் தெளிக்கும் முறைக்கு 10 நாள். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுவது எளிது, கையாளும் பொருள்தான் கடிது என்று அக்கணக்கே சொல்கிறது.

ஆம், விமானி வானத்திலிருந்து இறங்கிவிட்டார். அவருக்கு வான்குடை வேண்டாம். ஆனால் தரைக்கு இறங்கியவர் வேறொரு வரலாற்றுக்குள் காலடி வைத்திருக்கிறார். அது விமானியின் வரலாறு அன்று, மருந்தடிப்பவனின் வரலாறு. அதில் பொன் ஊசிகள் இல்லை. சங்கமும் இல்லை.

1915 ஏப்ரல் 22ஆம் நாள் பெல்ஜியத்தில் ஈப்ர என்னும் இடத்தில் ஜெர்மானியர் குளோரின் நச்சுக்காற்றை எதிரியின் பதுங்குகுழிகளை நோக்கித் திறந்துவிட்டார்கள். முதற் சில நாள்களில் வீரர்களுக்கு இருந்த காப்பு ஈரத்துணி ஒன்றே. அவ்வாண்டிலேயே ரஷ்ய விஞ்ஞானி செலின்ஸ்கி, பதப்படுத்திய மரக்கரி நச்சுக்காற்றை உறிஞ்சிக்கொள்ளும் என்று கண்டு, கரியை அடைத்த முகமூடியை அமைத்தார். பின்னர் அமெரிக்கர்கள் தம் முகமூடிகளுக்குத் தேங்காய் ஓட்டுக் கரியை மிகச் சிறந்ததாகக் கண்டார்கள். நாம் அடுப்பில் எரிக்கும் கொட்டாங்குச்சிதான்! அதன் கரியில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் எண்ணிறந்தவை. நச்சு அவற்றில் ஒட்டிக்கொள்ளும். இன்று மருந்தடிப்பவர்க்குரிய சரியான முகமூடியில் இரு கன்னங்களிலும் உருண்டையாகத் தெரியும் குப்பிகளுக்குள் இருப்பது அத்தகைய கரியே. காதில் மாட்டும் துணி முகமூடி தூசியை ஓரளவு தடுக்கும். மருந்தின் ஆவியைத் தடுக்காது. துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது அதனினும் தீது. மருந்து துண்டில் ஊறி, மூக்கின்மேலேயே பற்றுப் போட்டதுபோல் ஆகிவிடும்.

நம் நாட்டில் இதற்குச் சட்டம் வந்த கதையும் சாவிலிருந்தே தொடங்குகிறது. 1958ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்திலும் சென்னை மாநிலத்திலும் உணவு உண்ட மக்கள் திடீரென்று மயங்கி வீழ்ந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பரத்தியான் என்னும் பூச்சிமருந்து, கோதுமை மாவு முதலிய உணவுப் பொருள்களோடு ஒரே கப்பலில் ஏற்றப்பட்டுக் கசிந்திருந்தது. விசாரணைக் குழு அமைந்தது. வல்லுநர் குழு அமைந்தது. பத்து ஆண்டு கழித்து 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் நிறைவேறிற்று. 1971இல் அதற்கு விதிகள் வகுத்தார்கள். நீர் புகாத மேலுடை, முன்கையின் பாதிவரை எட்டும் ரப்பர்க் கையுறை, கண்ணாடி, காலணி, மூச்சுக் காப்பு ஆகியவை அவ்விதிகளில் சொல்லப்பட்டிருக்கின்றன. வானத்திலிருந்து தெளிப்பதற்கும் அவ்விதிகளில் இடம் உண்டு: குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னே ஊராருக்கு அறிவிக்க வேண்டும், மருந்து உடலில் விளைக்கும் குறிகளை விமானி பயின்றிருக்க வேண்டும். அரை நூற்றாண்டுக்கு முந்தைய விதிகள்! ஆனால் விதி ஏட்டில் இருந்தது. உழவன் கோவணத்தோடு வயலில் இருந்தான். 2017இல் மகாராஷ்டிர மாநிலத்து யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த ஏழை உழவர்களும் கூலியாள்களுமாக 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைகளில் கிடந்தனர். சிலர் கண்ணொளி மங்கிக் கட்டிலில் இருந்த படத்தை நாளேடுகளில் பார்த்தேன். வேறு செய்திகளை மறந்துவிட்டேன். அதனை மறக்க இயலவில்லை.

ட்ரோன் வந்ததால் இத்துயரம் குறையும் என்பது மெய். மருந்துப் புகைக்குள் நடந்து செல்பவர் இப்பொழுது எட்ட நிற்கிறார். ஆயினும் ஒரு சிறு கணக்குப் போடுவோம். கைத்தெளிப்பானால் அடிக்கும்போது ஓர் ஏக்கர் நெல்லுக்கு 200 லிட்டர் நீர் வேண்டும். ட்ரோன் அதே ஏக்கருக்கு எடுத்துக்கொள்வது 10 லிட்டர். மருந்தின் அளவோ ஏக்கர்க் கணக்கில் ஏறத்தாழ அதேதான். அப்படியானால் ட்ரோனின் தொட்டியில் இருக்கும் கரைசல் எத்தனை மடங்கு கடுமையானது? இருபது மடங்கு! அக்கரைசலைக் கலக்குபவர் யார்? பெரும்பாலும் அந்த ஓட்டுநரேதான். பறக்கும்போது அவர் வயலுக்கு வெளியே நிற்கிறார்; கலக்கும்போதும், தொட்டியில் ஊற்றும்போதும், அடைத்துக்கொண்ட தெளிப்புமூக்கைக் கழற்றும்போதும் அவருடைய விரல்கள் அதிலேயே இருக்கின்றன. மருந்து வாய்வழியேதான் உள்ளே போகும் என்று எண்ணுகிறோம். தோல் வழியாகவும் போகும். வியர்த்த தோலில் இன்னும் விரைந்து போகும். கண்மணி சுருங்கிப் பார்வை மங்குதல், வாய்நீர் ஊறுதல், மூச்சு முட்டுதல் ஆகியவை சில வகை மருந்துகள் காட்டும் முதற்குறிகள். மருந்துப் புட்டியை உடன் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். அதிலுள்ள முக்கோணத்தின் நிறமும் மருந்தின் பெயரும் அவருக்கு வழி சொல்லும். சிவப்பு முக்கோணம் மிகக் கொடியது.

தலைக்கவசத்துக்கும் வேலை உண்டு. 25 கிலோவுக்கு உட்பட்டதையே விதிகள் 'சிறிய ட்ரோன்' என்கின்றன. ஏறத்தாழ ஒரு சிமெண்டு மூட்டையில் பாதி அது. அதன் சிறகுகள் சுழலும்போது கண்ணுக்குத் தெரிவதில்லை, அதுவே ஆபத்து. 2013இல் நியூயார்க் நகரத்துப் பூங்கா ஒன்றில், ரிமோட் ஹெலிகாப்டர் ஓட்டுவதில் தேர்ந்த 19 வயது இளைஞர், தம் ஊர்தியின் சிறகே தலையில் பட்டு இறந்தார். தேர்ந்தவர் என்பதைக் கவனியுங்கள். மின்கலமும் சாதுவானது அன்று. லித்தியம் மின்கலம் உப்பினாலோ, குத்துப்பட்டாலோ, மிகையாக மின்னேற்றினாலோ தீப்பற்றும். வெயிலில் பறந்து வந்த சூட்டோடு மின்னேற்றியில் மாட்டக்கூடாது. உலோகப் பெட்டியும் ஒரு வாளி மணலும் பக்கத்தில் இருப்பது நல்லது.

இவற்றையெல்லாம் சொல்லும் நான் அப்பழுக்கற்றவன் அல்லேன். நான் படித்த காலத்தில் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் பிப்பெட்டை வாயில் வைத்து உறிஞ்சித்தான் அமிலத்தை அளந்தோம். தலைமையாசிரியனாக இருந்தபோதும் என் பள்ளி மாணவர்கள் அப்படியே செய்யக் கண்டு, பழக்கம் என்று விட்டுவிட்டேன். ரப்பர்க் குமிழ் வாங்கப் பணம் இல்லை என்று எழுதி வைத்தேன். உண்மையில் கேட்கவே இல்லை. ஒரு நாள் ஒரு பையன் நாக்கைச் சுட்டுக்கொண்டு அழுத பிறகுதான் கேட்டேன். அடுத்த வாரமே குமிழ்கள் வந்துவிட்டன.

இன்னும் ஒன்று எஞ்சியிருக்கிறது. அதுதான் அன்று வரப்பில் நின்றபோது என் நெஞ்சை உறுத்தியது. செல்ஃப்ரிட்ஜின் காலத்தில் விமானம் விழுந்தால் செத்தவர் விமானத்தில் இருந்தவர். இன்று காற்றில் போகும் துளிக்கு ஓட்டுநர் யார், அயலார் யார் என்ற வேறுபாடு தெரியாது. கேரளத்துக் காசர்கோடு மாவட்டத்து முந்திரித் தோட்டங்களில் 1970களின் இறுதி தொடங்கி 2000 வரையில் ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் தெளித்தார்கள். கீழே வீடுகள் இருந்தன, மூடாத கிணறுகள் இருந்தன, பிள்ளைகள் இருந்தார்கள். அங்குள்ள குடும்பங்கள் பல தலைமுறைத் துன்பம் அனுபவித்தன. 2011இல் உச்சநீதிமன்றம் அம்மருந்தை நாடெங்கும் தடுத்தது.

நம் பென்னாகரத்து வயலுக்கு மேற்கே இருப்பது மல்பெரித் தோட்டம். பூச்சிமருந்து பட்ட இலையைத் தின்றால் பட்டுப்புழு பிழைக்காது. நெல்லின் புழுவுக்கும் பட்டின் புழுவுக்கும் இடையே வேறுபாடு அறியும் மருந்தை இன்னும் எவரும் தெளிப்பானில் ஊற்றவில்லை. ஓட்டுநரின் முகமூடி அவரைக் காக்கும். தோட்டத்துக்காரரின் புழுவைக் காப்பது எது? காற்றின் திசை அறிதல், தாழப் பறத்தல், வேலிக்கு அருகே சில அடி விட்டுவிடுதல், முன்னதாகச் சொல்லியனுப்புதல் இவையே. இவை கடையில் கிடைப்பவை அல்ல. ஆயினும் இவற்றையும் காப்புக் கருவிகளோடு சேர்த்தே எண்ண வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

பத்து நாள் கழித்து, அதே வயலை அடுத்த வயலுக்கு அவர் மருந்தடிக்க வருவதாக அறிந்து போனேன். டேட்டன் கதையைச் சொன்னேன். புழுச் சங்கம் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. பொன் ஊசியின் எடை என்ன என்று கேட்டார்! எனக்குத் தெரியவில்லை.

அப்பொழுது மல்பெரித் தோட்டத்து அம்மையார் வேலியோரம் வந்து, "தம்பி, புழு கடைசிப் பருவத்தில் இருக்கிறது. இன்றும் நாளையும் இலை பறிக்க வேண்டும்" என்றார்.

இளைஞர் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து மெல்ல உதிர்த்தார். புழுதி மேற்கே போயிற்று. வயலுக்குரியவர், "கூலி பேசி வரவழைத்திருக்கிறேன்; புழு என் பயிரையும்தானே தின்கிறது?" என்று முணுமுணுத்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சிறிது நேரம் மூவரும் பேசினார்கள். முடிவில், அன்று கிழக்குப் பாதியை மட்டும் தெளிப்பது, மேற்குப் பாதியை இலை பறித்து முடிந்த பின்னர்க் காற்று அடங்கிய விடியற்காலையில் தெளிப்பது, வேலியோரம் பத்து அடியை விட்டுவிடுவது என்று பேசி ஒப்பினார்கள்.

இளைஞர் வண்டிக்குப் போய்க் கையுறைகளை மாட்டினார். முகமூடியைத் தாடையிலிருந்து மேலே ஏற்றினார். தலைக்கவசத்தை எடுத்தவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு அதனுள் இருந்த பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து என் கையில் கொடுத்து, "எட்டப் போய் நில்லுங்கள், ஐயா" என்றார்.